வண்டு முதல் ட்ரோன் வரை: ஆளில்லா வானூர்திகளுக்குச் சரியான பெயர் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கடற்படை ஏவுகணைப் பரிசோதனை பற்றிய செய்தி ஒன்று என் கைக்கு வந்தது. "இலக்கைத் தாக்கும் ட்ரோன் பரிசோதனை" என்று தலைப்புப் போட்டேன். பக்கமும் அச்சுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கூடுதலாக வலித்தது. "தம்பி, அது இலக்கைத் தாக்குகிற ட்ரோன் இல்லை. அதுவேதான் இலக்கு. மற்றவர்கள் சுட்டுப் பழகுவதற்காகப் பறக்கவிடுவது. வேள்விக்குக் கொண்டுபோன கிடாயைப் பூசாரி என்று எழுதிவிட்டீர்கள்" என்றார்.

அன்று ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கினேன். ஆளில்லாமல் பறக்கிற ஒவ்வொன்றின் பெயரையும் அதில் எழுதத் தொடங்கினேன். பக்கங்கள் நிறைய நிறைய ஒரு விடயம் தெளிவானது. ஒரே பொருளுக்கு ஐந்து பெயர் இருக்கும். ஐந்தும் சரியாகவும் இருக்கும். ஒன்று அதன் உருவத்தைச் சொல்லும், ஒன்று அதன் வேலையைச் சொல்லும், ஒன்று சட்டம் வைத்த பெயர், ஒன்று நிறையை வைத்து வந்தது. உருவம் என்ன என்று கேட்டவருக்கு வேலையைப் பதிலாகச் சொல்லும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

இது எங்களுக்குப் புதிய சங்கதியும் அல்ல. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்று, வானத்தைக் காட்டி "பட்டம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பையன் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பான். கொக்கா, பிராந்தா, எட்டுமூலையா, படலமா, விண் பூட்டியதா பூட்டாததா என்று அவனுக்கு எத்தனையோ கேள்விகள் இருக்கும். ட்ரோனுக்கும் அப்படித்தான் கேட்க வேண்டும். நான் கேட்கும் ஒழுங்கில் கீழே தருகிறேன்.

படி 1: அது வானூர்திதானா?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறைப்படி, காற்றின் எதிர்விசையால் வளிமண்டலத்தில் தாங்கப்படும் எந்தப் பொறியும் வானூர்தி. நிலத்திலோ நீரிலோ பட்டுத் திரும்பும் காற்றினால் தாங்கப்படுவது மட்டும் சேராது. ஆகவே நீருக்குச் சற்று மேலே மிதந்து ஓடும் ஹோவர்கிராப்ட் வெளியே. பலூன் உள்ளே. அந்த அமைப்பின் வகைப்பாட்டு அட்டவணையில் பட்டத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதை வல்வெட்டித்துறைக்காரர்கள் பெருமையோடு குறித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சொல் வேறுபாட்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். "விமானம்" என்றதும் எங்கள் மனக்கண்ணில் வருவது சிறகு நீட்டி ஓடுபாதையில் ஓடி எழும் ஒன்று. "வானூர்தி" அதைவிட அகலமான சொல். ஹெலிகொப்டரும் பலூனும் அதற்குள் அடங்கும். நான்கு விசிறியோடு நிலத்திலிருந்து நேரே மேலெழும் ஒரு சின்னப் பெட்டியை "ஆளில்லா விமானம்" என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. "ஆளில்லா வானூர்தி" என்றால் எதற்கும் பொருந்தும்.

பலூனைப் பற்றி ஒரு சின்னக் கதை. 2016 பெப்ரவரியில் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெரிய பலூன் ஒன்று வந்து விழுந்தது. கூகுள் நிறுவனம் இணைய வசதி கொடுப்பதற்காக வானில் மிதக்கவிட்ட லூன் திட்டத்துப் பலூன் அது. ஆளில்லை, வானில் இருந்தது, மேலிருந்து சமிக்ஞை அனுப்பியது. அப்படியானால் ட்ரோனா? இல்லை. காற்றோடு போகும் பலூனுக்கு "ஆளில்லாத் தனிப் பலூன்" என்பதே பொருத்தம். ட்ரோன் என்ற சொல்லைக் கேட்கும் வாசகர், அதை விரும்பிய திசையில் திருப்ப முடியும் என்று நினைப்பார்.

மறுபக்கத்தில் குரூஸ் ஏவுகணை நிற்கிறது. அதற்குச் சிறகு உண்டு, பெரும்பாலும் ஜெட் இயந்திரம் உண்டு, ஆள் இல்லை, பறப்பதும் விமானம் போலத்தான். ஆனாலும் உலக வழக்கில் அது ஏவுகணை. போனால் திரும்பாத பயணத்துக்கென்றே பிறந்தது அது. இந்த எல்லைக்கோடு படி 6 இல் அழியப் போகிறது, இப்போதைக்கு இருக்கட்டும்.

படி 2: ஆள் எங்கே?

ஆங்கிலத்தில் "ஆளில்லா" என்பதற்கு வழங்கும் பழைய சொல்லுக்குள் ஆண் என்ற பொருள் ஒளிந்திருப்பதால், அதை மாற்ற வேண்டும் என்று அங்கே பெரிய விவாதம் நடக்கிறது. நாசா போன்ற நிறுவனங்கள் "பணிக்குழு இல்லாத" என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறிவிட்டன. தமிழுக்கு இந்தத் தலையிடி இல்லை. ஆள் என்றால் ஆணும்தான் பெண்ணும்தான்.

ஆனால் எங்கள் சொல்லுக்கு வேறொரு தலையிடி வந்திருக்கிறது. சீனாவின் இஹாங் நிறுவனம் இரண்டு பேர் ஏறிப் போகக்கூடிய, விமானி இல்லாத வானூர்தி ஒன்றைச் செய்திருக்கிறது. 2023 ஒக்டோபரில் சீன அதிகாரிகள் அதற்கு வகைச் சான்றிதழும் வழங்கினார்கள். உள்ளே இரண்டு ஆள் உட்கார்ந்திருக்கும்போது "ஆளில்லா வானூர்தி" என்று எப்படி எழுதுவது? இங்கே "விமானி இல்லா வானூர்தி" என்பதே சரி. 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை அதன் 8 ஆம் உறுப்புரையில் இதே பொருளில்தான் பேசியது. எண்பது வருடத்துக்கு முன் எழுதியவர்கள் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து, உள்ளே இல்லாத விமானி வேறெங்காவது இருக்கிறாரா என்று கேளுங்கள். நிலத்தில் ஒருவர் உட்கார்ந்து பறக்கும் நேரமெல்லாம் பொறுப்போடு ஓட்டினால் அது "தொலைவிலிருந்து இயக்கப்படும் வானூர்தி". ஆர்.பி.ஏ. என்ற சுருக்கம் இதைத்தான் குறிக்கிறது. 1970களின் செய்திகளில் காணும் ஆர்.பி.வி. இதன் மூத்த அண்ணன். மனிதத் தலையீட்டுக்கே இடமில்லாமல் தானே முடிவெடுத்துப் பறந்தால் அது "தன்னாட்சி வானூர்தி". இரண்டுக்கும் மேலே கூரை போல நிற்கும் சொல்தான் ஆளில்லா வானூர்தி.

இந்த இடத்தில் விற்பனைக்காரர்களின் பேச்சை நம்ப வேண்டாம். பற்றரி குறைந்ததும் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பிவரும் ட்ரோனைத் "தன்னாட்சி ட்ரோன்" என்று விளம்பரம் செய்வார்கள். அது தன்னாட்சி அல்ல, தானியங்கி. ஜி.பி.எஸ். குறித்துவைத்த இடத்துக்கு, சொல்லிக்கொடுத்த உயரத்தில், சொல்லிக்கொடுத்த வழியில் வருகிறது. பாடம் ஒப்புவிக்கிற பிள்ளைக்கும் கணக்கைத் தானே யோசித்துச் செய்கிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம்.

படி 3: வானூர்தியா, தொகுதியா?

இது சுருக்கமான படி. யூ.ஏ.வி. என்றால் பறக்கும் பொருள் மட்டும். யூ.ஏ.எஸ். என்றால் அந்தப் பொருளோடு நிலத்திலுள்ள கட்டுப்பாட்டு நிலையம், இரண்டையும் இணைக்கும் வானொலி அல்லது செய்மதித் தொடர்பு எல்லாம் சேர்ந்த தொகுதி. "ஒரு நாடு இரண்டு பிரிடேட்டர் தொகுதிகளை வாங்கியது" என்ற வாக்கியத்தை "இரண்டு பிரிடேட்டர்களை வாங்கியது" என்று மாற்றினால் கணக்குப் பிழைத்துவிடும். அமெரிக்க விமானப்படையில் பிரிடேட்டர் தொகுதி ஒன்றில் நான்கு வானூர்திகள் இருந்தன. அவற்றை இரவு பகலாக இயக்க ஐம்பது பேருக்கு மேல் தேவைப்பட்டார்கள். ஆளில்லா வானூர்திக்கு எத்தனை ஆள் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

படி 4: உருவத்தைப் பாருங்கள்

என் அக்காவின் மகன் கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிறான். அவனுடைய விலைப்பட்டியலில் "ஹெலி கமரா" என்று ஒரு வரி இருக்கிறது. "ஹெலிகொப்டரே இல்லையே, ஏன் அப்படிப் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன். "மாமா, பொம்பிளை வீட்டுக்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்" என்றான். வாடிக்கையாளர் சொன்னால் அதுதான் அகராதி.

அவனுடைய ட்ரோனைக் கையில் வாங்கிப் பார்த்தால் பெயரின் பாதி அதிலேயே எழுதியிருக்கும். நான்கு கை, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மோட்டார், அதன் மேல் ஒரு சுழலி. நான்கு இருப்பதால் குவாட்கொப்டர். சுழலிகளை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ளவற்றின் வளைவு ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். மூலைவிட்டத்தில் எதிரெதிரே உள்ளவை ஒரே மாதிரி இருக்கும். இரண்டு சோடி இரண்டு திசையில் சுழல்வதால் ஒன்றின் முறுக்கத்தை மற்றது தின்றுவிடுகிறது. அதனால்தான் ஹெலிகொப்டருக்கு வேண்டிய வால் விசிறி இதற்கு வேண்டியதில்லை. முகத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் ஒரு சோடியைக் கொஞ்சம் வேகமாக்கி மற்றச் சோடியைக் கொஞ்சம் மெதுவாக்கினால் போதும். அசையும் சிறகும் கிடையாது, சுக்கானும் கிடையாது. நான்கு மோட்டார்களின் வேக வித்தியாசமே எல்லாம். சுழலியை மாற்றிப் பூட்டிவிட்டால் எழும்பும் முன்பே குப்புற விழும். மருமகன் ஒரு முறை பூட்டினான். கலியாண வீட்டில் அல்ல, நல்லவேளை.

சுழலி ஆறானால் ஹெக்ஸாகொப்டர், எட்டானால் ஒக்டோகொப்டர். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் பல்சுழலி வானூர்தி. கைகளை எண்ணாமல் சுழலிகளை எண்ணுங்கள். நான்கு கையில் மேலும் கீழுமாக எட்டுச் சுழலி பூட்டிய வகையும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் நான்கு போலத் தெரிந்து ஏமாற்றிவிடும். பாரமான கமராவோ மருந்துத் தொட்டியோ சுமக்கும் ட்ரோன்களுக்கு ஆறும் எட்டும் வைப்பதற்குக் காரணம் பலம் மட்டும் அல்ல. ஒரு மோட்டார் நின்றுபோனாலும் தத்தளித்தாவது இறங்கிவிடலாம். நான்கில் ஒன்று நின்றால் பெரும்பாலும் கதை முடிந்தது.

ஒற்றைப் பெரிய சுழலி மேலே, சின்ன விசிறி வாலில் என்றால் அது ஆளில்லா ஹெலிகொப்டர். இதற்குத்தான் "ஹெலி" என்ற பெயர் நியாயமாகச் சேர வேண்டும். ஜப்பானில் நெல்வயலுக்கு மருந்தடிக்க 1987 இல் ஆர்-50 என்ற ஒன்றை விற்பனைக்கு விட்டார்கள். விட்டது யமஹா, ஆம், எங்கள் தெருக்களில் மோட்டார் சைக்கிளாக ஓடும் அதே யமஹா. இன்று கிளிநொச்சி வயலில் தெளிப்பு ட்ரோன் என்று நாம் பேசுவதற்கு முன்னோடி அதுதான்.

சிறகு நீட்டியிருந்தால் நிலைச்சிறகு வானூர்தி. பல்சுழலி வகை பறக்கும் ஒவ்வொரு நொடியும் தன் நிறை முழுவதையும் மோட்டாரால் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் பற்றரி களைத்துவிடும். நிலைச்சிறகு காற்றில் சாய்ந்துகொண்டு மணிக்கணக்கில் போகும். பதிலுக்கு அதனால் ஓரிடத்தில் நிற்க முடியாது. செய்தியில் "வானில் அசையாமல் நின்ற நிலைச்சிறகு ட்ரோன்" என்று வந்தால் யாரோ ஒருவர் பார்க்காததை எழுதியிருக்கிறார். இரண்டு குணமும் வேண்டும் என்பவர்களுக்காகச் செங்குத்தாக எழுந்து பின் சிறகால் பறக்கும் கலப்பு வகை இருக்கிறது. சிறகடித்துப் பறக்கும் வகையும் உண்டு. ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வெளியே காண்பது அரிது.

படி 5: நிறையும் உயரமும்

மருமகனுடைய ட்ரோனின் கையில் 249 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. ஏன் 250 இல்லை? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 250 கிராமில் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. கோட்டுக்கு ஒரு கிராம் இந்தப்பக்கம் நின்றால் கட்டுப்பாடுகள் குறைவு. 2019 இல் டி.ஜே.ஐ. நிறுவனம் மாவிக் மினியை வெளியிட்டபோது, கோடு 200 கிராமில் இருந்த ஜப்பானுக்கு மட்டும் சின்னப் பற்றரி போட்டு 199 கிராமில் கொடுத்தது. ஜப்பான் 2022 இல் கோட்டை 100 கிராமுக்கு இறக்கிவிட்டது. சட்டமும் தயாரிப்பாளரும் ஆடும் சடுகுடு அது.

ஆவல் தாங்காமல் ஒரு நாள் கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்றில் தெரிந்தவர் இருந்த துணிவில் அதைத் தராசில் வைத்தோம். தனியே வைத்தபோது சொன்ன சொல் தவறவில்லை. சுழலிக் காப்பு வளையங்களைப் பூட்டி வைத்ததும் கோட்டைத் தாண்டிவிட்டது. கலியாண வீட்டில் பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்தில் அந்த வளையத்தைப் பூட்டாமல் ஏற்றவும் முடியாது. ஆகவே "249 கிராம் ட்ரோன்" என்பது பெட்டிக்குள் இருக்கும்வரைதான்.

நிறைப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதை எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். பாக்குநீரிணைக்கு அந்தப்பக்கம், இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நனோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. நேட்டோ படைகளின் கணக்கிலோ 150 கிலோவுக்குக் கீழே எல்லாமே முதலாம் வகுப்பு. "சிறியது" என்ற சொல் அங்கே 150 கிலோ வரை நீளும். 100 கிலோ வானூர்தி ஒன்று டெல்லியில் நடுத்தரம், பிரசெல்ஸில் சிறியது. எனவே "சிறிய ட்ரோன்" என்று எழுதாதீர்கள், கிலோவை எழுதுங்கள்.

இலங்கையில் எந்த அளவானாலும் ஏற்றுவதற்கு முன் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் விதிகளைப் பார்த்து, வேண்டிய அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோன்கள் சில காலம் முற்றாகவே தடைசெய்யப்பட்டிருந்தன. அதே வருடம் ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அந்தப் பக்கத்துக் கலியாண வீடுகளுக்கு மருமகன் ஹெலி கமரா என்ற வரியை வெட்டிவிட்டுத்தான் விலை சொல்கிறான்.

படைத்துறைப் பெரிய வானூர்திகளில் உயரமும் பறக்கும் நேரமும் பெயராகின்றன. நடுத்தர உயரத்தில் நெடுநேரம் பறப்பவற்றை ஆங்கிலச் சுருக்கத்தில் "மேல்" என்கிறார்கள். மிக உயரத்தில் நெடுநேரம் பறப்பவை "ஹேல்". தமிழ் வாசகருக்கு வந்த சோதனை இது. "மேல் வகை ட்ரோன்" என்று படித்தால் எல்லாவற்றுக்கும் மேலே பறப்பது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலி ஒன்று இதை "ஆண் ட்ரோன்" என்று மாற்றித் தந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். சுருக்கத்தை விட்டுவிட்டு "நடுவுயர நெடும்பறப்பு", "மிகையுயர நெடும்பறப்பு" என்று எழுதுவது என் வழக்கம். பிரிடேட்டர், ரீப்பர், துருக்கியின் பைரக்டார் டி.பி.2 ஆகியவை முதல் வகை. ஏறத்தாழ 60,000 அடி உயரத்தில் 30 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடிய குளோபல் ஹோக் இரண்டாம் வகை. அதன் பிந்திய வடிவத்தின் சிறகு ஏறத்தாழ 40 மீற்றர். போயிங் 737 பயணிகள் விமானத்தின் சிறகைவிட நீளம். மறு முனையில் பிரித்தானியப் படையினர் 2013 இல் ஆப்கானிஸ்தானில் பயன்படுத்திய பிளக் ஹோர்னெட் நிற்கிறது. நிறை ஏறத்தாழ 16 கிராம். இரண்டு பவுண் நகை.

படி 6: என்ன வேலை செய்கிறது?

என்னை மானங்கெடுத்த "இலக்கு ட்ரோன்" இந்தப் படியைச் சேர்ந்தது. அதுதான் இந்தக் குடும்பத்தின் பெயருக்கே மூலம். 1935 இல் பிரித்தானியர் டைகர் மொத் என்ற பயிற்சி விமானத்தின் குடும்பத்திலிருந்து வானொலியால் இயங்கும் ஒன்றைச் செய்தார்கள். கடற்படையின் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்காக. பெயர் குவீன் பீ, அதாவது ராணித் தேனீ. அதைப் பார்த்துத் தாமும் செய்யத் தொடங்கிய அமெரிக்கக் கடற்படையினர் தங்களுடையதை ட்ரோன், ஆண் தேனீ, என்று அழைத்தார்கள் என்பதே பரவலான விளக்கம். கொடுக்கு இல்லாத, ஒரு வேலைக்காக மட்டும் பறந்து செத்துப்போகும் பூச்சி. இலக்கு ட்ரோனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இன்று ஏவுகணை சுமக்கும் வானூர்திக்கும் அதே பெயரைச் சொல்கிறோம். கொடுக்கு எப்போது முளைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

முளைத்த காலத்தை அமெரிக்கப் படையின் எழுத்துகளே காட்டிக்கொடுக்கின்றன. 1994 இல் முதலில் பறந்த பிரிடேட்டரின் குறியீடு ஆர்.க்யூ.-1. க்யூ என்றால் ஆளில்லாதது, ஆர் என்றால் வேவு. ஹெல்பயர் ஏவுகணை பூட்டிய பின், 2002 இல், ஆர் போய் எம் வந்தது. பல பணி என்று பொருள். உடம்பு அதேதான், வேலை மாறியதால் பெயர் மாறியது. ஆகவே 1990களின் பொஸ்னியச் செய்தியில் "தாக்குதல் ட்ரோன் பிரிடேட்டர்" என்று எழுதினால் பிழை. அப்போது அது வெறும் கண்.

இனி அழியப் போகிறது என்று சொன்ன எல்லைக்கோட்டுக்கு வருவோம். இஸ்ரேலின் ஹாரொப் வானில் சுற்றிக்கொண்டே காத்திருக்கும். இலக்கு தென்பட்டதும் தானே குண்டாகிப் பாயும். ட்ரோன் போலச் சுற்றும், ஏவுகணை போல முடியும். "வட்டமிடும் வெடிகணை" என்பதே என் தேர்வு. ஈரானின் ஷாஹெட்-136 ஐயும் பலர் இதே பெட்டிக்குள் போடுகிறார்கள். அது பொருந்தாது. 2022 செப்டெம்பர் முதல் ரஷ்யா உக்ரெய்னில் ஏவி வருவது அதைத்தான். கெரான்-2 என்று தன் பெயரும் வைத்திருக்கிறது. முன்கூட்டியே கொடுத்த இடத்துக்கு நேரே போகும், காத்திருக்காது. வட்டமிடாததை வட்டமிடுவது என்பதா? "ஒருவழித் தாக்குதல் ட்ரோன்" என்று எழுதுங்கள்.

"தற்கொலை ட்ரோன்" என்ற சொல் தலைப்புக்கு வசதியானது. நான் போடுவதில்லை. உயிர் இல்லாத இயந்திரம் எப்படித் தற்கொலை செய்யும் என்ற இலக்கணக் காரணம் ஒன்று. அந்தச் சொல்லைக் கேட்டால் இந்த ஊரில் யார் யாருக்கு என்ன நினைவு வரும் என்பது மற்றது.

வேவு, வரைபடம், தெளிப்பு, பொதி சுமத்தல், படப்பிடிப்பு ஆகிய மற்ற வேலைப் பெயர்கள் தாமே விளங்கும். வேலையின் பெயரை முன்னால் போட்டு ட்ரோனைப் பின்னால் போட்டால் தீர்ந்தது.

படி 7: பெயர் போலத் தோன்றி ஏமாற்றுபவை

எப்.பி.வி. ட்ரோன் என்பது ஒரு வகை வானூர்தியின் பெயர் அல்ல. ஓட்டுபவர் முகத்தில் கண்ணாடி மாட்டி, வானூர்தியின் கண்ணால் பார்த்து ஓட்டுகிறார் என்பதை மட்டும் அது சொல்கிறது. பந்தய ட்ரோனும் எப்.பி.வி.தான், உக்ரெய்ன் போர்முனையில் குண்டு கட்டிப் பறப்பதும் எப்.பி.வி.தான். வானொலி இடையூறு செய்து அதை விழுத்துகிறார்கள் என்பதால், மயிரிழை போன்ற ஒளியிழை நூலைப் பின்னால் கிலோமீற்றர் கணக்கில் விட்டுக்கொண்டு போகும் வகையும் வந்துவிட்டது. அதை "நூல் கட்டிய ட்ரோன்" என்றால் நமக்குப் பட்டம் நினைவு வரும். ஆனால் நிலத்திலிருந்து கம்பி வழியே மின்சாரம் ஏற்றி ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் ட்ரோனும் வேறாக இருக்கிறது. நூல் சமிக்ஞைக்கா மின்சாரத்துக்கா என்று கேட்டு, "ஒளியிழை ட்ரோன்", "கம்பியில் நிற்கும் ட்ரோன்" என்று பிரித்து எழுதுங்கள்.

"ட்ரோன் திரள்" என்பதும் அப்படித்தான். விழாக்களில் நூற்றுக்கணக்கில் எழுந்து வானத்தில் கோலம் போடும் விளக்கு ட்ரோன்கள் பெரும்பாலும் திரள் அல்ல. ஒவ்வொன்றும் தனக்குக் கொடுத்த பாதையில் போகிறது; பக்கத்தில் பறப்பது யார் என்பது அதற்குத் தெரியாது. தமக்குள் பேசிக்கொண்டு இடம் மாறுபவைதான் திரள்.

படி 8: செய்து பாருங்கள்

எங்கள் பயிற்சி நிருபர் ஒருவர் தந்த வரி இது: "ஐந்து ஷாஹெட் ரக ஆளில்லா தற்கொலை ட்ரோன் விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன."

ஆளில்லா என்பதும் ட்ரோன் என்பதும் ஒரே செய்தி, ஒன்றை வெட்டினோம். விமானம் மூன்றாவது தடவை, அதையும் வெட்டினோம். தற்கொலை போய் ஒருவழித் தாக்குதல் வந்தது. "ரக" என்பதை வைத்துக்கொண்டோம், ஏனென்றால் விழுந்தவை ஈரானில் செய்தவையா ரஷ்யாவில் செய்தவையா என்று செய்தியில் இல்லை. மிஞ்சியது: "ஷாஹெட் ரக ஒருவழித் தாக்குதல் ட்ரோன்கள் ஐந்து சுட்டு வீழ்த்தப்பட்டன." ஒன்பது சொல் எட்டாகிவிட்டது, இப்போது ஒவ்வொன்றும் வேலை செய்கிறது.

படி 9: கீழே நின்றவர்கள் வைத்த பெயரையும் கேளுங்கள்

நிறுவனம் வைத்த பெயர், படை வைத்த பெயர், சட்டம் வைத்த பெயர் எல்லாம் எழுதியாயிற்று. என் குறிப்புப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த பக்கம் கடைசிப் பக்கம்.

ஷாஹெட்டை உக்ரெய்ன் மக்கள் "மொபெட்" என்கிறார்கள். இரவில் வரும்போது பழைய மொபெட் ஓடுவது போலச் சத்தம். காஸாவில் இஸ்ரேலிய வேவு வானூர்திக்கு "ஸனானா" என்று பெயர். இரைந்துகொண்டே இருப்பது என்று பொருள். கீழே இருப்பவருக்கு அதன் உருவம் தெரியாது, நிறை தெரியாது. காதில் விழுவது மட்டும்தான் தெரியும். அதனால் பெயர் சத்தத்திலிருந்து பிறக்கிறது.

நாங்களும் வைத்திருக்கிறோம். ஜெட் விமானம் கிபிர், குண்டு வீசிய சரக்கு விமானம் சகடை, ஹெலிகொப்டர் ஹெலி. இஸ்ரேலில் செய்த சேர்ச்சர், புளூ ஹொரைசன் போன்ற வேவு வானூர்திகளை இலங்கை விமானப்படை வன்னிக்கு மேலே பறக்கவிட்டபோது, அந்தப் பெயர்களைக் கீழே இருந்த யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவர்கள் "வண்டு" என்றார்கள். அமெரிக்கர் ஆண் தேனீ என்று பெயர் வைத்தது இவர்களுக்குத் தெரியாது; இவர்கள் வண்டு என்று வைத்தது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் பூச்சியிடம்தான் போய் நின்றார்கள். ஆங்கிலத்தில் ட்ரோன் என்ற சொல்லுக்கு ரீங்காரம் என்ற பொருளும் உண்டு.

வண்டு என்ற சொல்லை நான் செய்தியில் மேற்கோள் குறிக்குள்தான் போடுகிறேன். வேறு நாட்டு ட்ரோனுக்குப் போடுவதே இல்லை. அது ஒரு இடத்துக்கும் ஒரு காலத்துக்கும் உரிய பெயர்.

மருமகனின் ஒரே இயந்திரத்துக்கு இப்போது எத்தனை பெயர் என்று எண்ணிப் பார்த்தேன். அனுமதிக் கடிதத்தில் ஆளில்லா வானூர்தி. கடைக்காரரிடம் மினி. விலைப்பட்டியலில் ஹெலி கமரா. நண்பர்களிடம் பேசும்போது வெறும் ட்ரோன். பட்டம் ஏற்றுவது போல அதையும் "ஏற்றுகிறேன்" என்கிறான். போன மாதம் சொந்தத்தில் நடந்த கலியாணத்தில் அதை முற்றத்தில் வைத்து, கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் எடுத்தான். எடுத்தவன் உடனே ஏற்றவில்லை. பந்தலுக்குள் எட்டிப் பார்த்து, கதிரையில் இருந்த என் பெரியம்மாவைத் தேடினான். அவர் 2009 வரை வன்னியில் இருந்தவர்.

"அம்மம்மா, ட்ரோன் ஏற்றப் போகிறேன். சத்தம் கேட்கும்."

"தெரியும், ஏற்று. உன்னுடைய வண்டுதானே" என்றார் பெரியம்மா, வெற்றிலையை மடித்துக்கொண்டே. மடியில் இருந்த பூட்டப்பிள்ளையின் காதை மட்டும் கையால் பொத்திக்கொண்டார்.